கம்பனில் ஆண் அழகும் அகத்தூய்மையும்

அழகு என்னுஞ் சொல்லைப் பெண்மையோடும் ஆற்றல் என்னுஞ் சொல்லை ஆண்மையோடும் சார்த்தி நோக்குவது இன்று இயல்பாகிவிட்ட வழக்கமாகும். ஆணொருவனை அழகன் என்று கூறுமிடத்து அக்கூற்றில் மெல்லிய ஏளனமோ ஐயமோ கலந்திருத்தலைக் காணலாம். அழகிய ஆண் தன் அழகை அறிந்தவன். அறிந்தவன் அதனைப் பயன்படுத்தவும் தெரிந்தவன். ஆகவே அவன் உள்ளம் தூயதாயிருத்தல் அரிது என்பதே அவ்வையத்தின் உட்கிடை. பெண்ணின் அழகையும் கற்பையும் ஒருங்குவைத்துப் பேசுவதில் எவ்வித இடர்ப்பாடுங் காணாத சமுதாயம், ஆணின் அழகையும் தூய்மையையும் ஒருங்குவைத்துப் பேச நேருங்கால் தயங்குகின்றது. தமிழிலக்கிய மரபு ஆணழகைப் பாடுவதில் இத்தயக்கத்தைக் காட்டியதில்லை. ஆயின், அழகனாகிய ஆண் அகத்தாலுந் தூயனாதல் எங்ஙனம் என்னும் வினாவைப் பொருட்படுத்தி விடைகாண முயன்ற புலவர் மிகச் சிலரே. அவருட் கம்பன் தலையாயவன். எனினும் அவன் கண்ட விடை பலரும் எதிர்பார்க்கும் இடத்தில், அதாவது இராமனிடத்தில், முழுமையாக இல்லை. அதனைப் பரதனிடத்திலேயே தேடவேண்டும்.

இவ்வினாவின் வேர்கள் தொல்காப்பியத்திலேயே உள்ளன. களவியல் ஆடவனுக்குரியனவாகப் பெருமையையும் உரனையும் கூறி அமைகின்றது. வடிவைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மெய்ப்பாட்டியல் தலைவனுக்குந் தலைவிக்கும் அமையவேண்டிய ஒப்புமைகள் பத்தினைத் தொகுத்துரைக்குமிடத்துப் பிறப்பு, குடிமை, ஆண்டு முதலியவற்றோடு உருவு என்பதனையுஞ் சேர்த்துக்கொள்கிறது. அதே பட்டியலில் நிறை, அருள் என்பனவும் இடம்பெறுகின்றன. வடிவும் மனத்தைக் காக்கும் நிறையும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவையாக ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருத்தல் மனங்கொளற்பாலது. பிற்காலத்தவர் களவியற் கருத்தையே பெரிதும் எடுத்தாண்டு மெய்ப்பாட்டியற் கருத்தை நெகிழவிட்டனர் எனலாம்.

சங்கச் செய்யுட்களில் ஆணுடல் வீரத்தின் அடையாளமாகவே தோன்றுகிறது. மாலை தவழும் மார்பு, கழல் அணிந்த கால், வில்லேந்திய தோள் என வரும் வருணனைகள் யாவும் போருக்கும் கொடைக்கும் உரியவனைச் சுட்டுவன. பேராசிரியர் க. கைலாசபதி 1968 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது ஆய்விற் சங்கச் செய்யுட்களை வீரயுகப் பாடல்களாக நோக்கிய பின்னர், இவ்வருணனைகள் தனிமனிதனின் எழிலைக் காட்டிலும் தலைவனின் சமூகத் தகுதியையே உணர்த்துவன என்பதை விளங்கிக்கொள்ளுதல் எளிதாயிற்று. இவற்றிடையே பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரின் குரல் தனித்து நிற்கிறது. போரவைக்கோப் பெருநற்கிள்ளியின் மீது தாம் கொண்ட வேட்கையைப் புறநானூற்றின் 83, 84, 85 ஆம் பாடல்களில் அவர் வெளியிடுகிறார். கழல் தரித்த, கரிய தாடியையுடைய அவ்விளைஞனைத் தழுவ விரும்பியும், தாய்க்கும் அவையோருக்கும் அஞ்சி அவர் உள்ளம் அலைக்கப்படுகிறது. பெண்ணொருத்தி தன் கண்ணால் ஓர் ஆணின் வடிவைக் கண்டு தன் வாயாற் கூறிய அரிய சான்றுகள் இவை. ஆனால் பார்க்கப்பட்டவன் உள்ளம் எத்தகையது என்பதனை அவை கூறா. கைக்கிளைக்கு அது வேண்டுவதுமில்லை.

சோழப் பேரரசுக் காலத்து உலா இலக்கியம் இதே பார்வையை அரசவை வழக்காக்கியது. சேரமான் பெருமாள் நாயனார் இறைவன்மீது பாடிய ஆதியுலாவில் அரும்பிய இவ்வடிவம், ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் விக்கிரமன், இரண்டாங் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மன்னரைப் பாடுதற்குப் பயன்பட்டது. பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக எழு பருவத்து மகளிரும் வீதியில் நின்று மயங்க, மன்னன் எவர்பொருட்டும் நில்லாது செல்கிறான். மன்னனின் அழகு இங்கு ஆட்சியின் உரிமைப் பத்திரம். நாடு முழுவதும் அவனை விரும்புகிறது என்பதையே மகளிரின் மயக்கம் குறிப்பாகச் சொல்கிறது. அவன் கலங்காமை தூய்மையென்று போற்றப்படினும், உண்மையில் அது யாருக்கும் விடைசொல்ல வேண்டாத அதிகாரத்தின் இயல்பேயாகும்.

கம்பன் பாலகாண்டத்து உலாவியற் படலத்தில் இவ்வடிவை எடுத்தாள்கிறான். மிதிலை வீதியிற் செல்லும் இராமனைக் காண மகளிர் திரள்கின்றனர். ஒருத்தி தோளைக் கண்டாள். கண்ட கண் அவ்விடத்தை விட்டகலவில்லை. மற்றொருத்தி தாளைக் கண்டாள். அவளுக்கும் அஃதே நிலை. அவன் வடிவை முற்றக் கண்டவர் எவருமிலர் என்று கூறும் புலவன், இறைவனின் ஒவ்வொரு கூற்றை மட்டுங் கண்டு அமையுஞ் சமயத்தவரை அவர்களுக்கு உவமையாக்குகிறான். இவ்வுவமையைப் பக்தி நயமாகவே உரைகாரரும் மேடைப் பேச்சாளரும் வியந்துள்ளனர். அவ்வியப்பிலே தவறிப்போகும் செய்தி ஒன்றுண்டு: இராமன் உலாவில் பார்க்கப்படுகிறானேயன்றி அறியப்படவில்லை. உறுப்புகளாகப் பிளவுண்ட அழகில் உள்ளத்தைத் தேட இடமில்லை.

கம்பனின் உடல் வருணனைகள் பற்றி நிகழ்ந்த வழக்குகள் பெரும்பாலும் பெண்ணுடலையே பொருளாகக் கொண்டவை. அண்ணாதுரையின் ‘கம்பரசம்’ அவ்வருணனைகளைக் கண்டித்தது. கம்பனன்பர்கள் அவற்றுக்குச் சமாதானங் கூறினர். இருசாராரும் ஆணுடல் அதே காப்பியத்தில் எத்துணை விரிவாகப் பாடப்பட்டுள்ளது என்பதையோ, அப்பாடல்கள் என்ன செய்கின்றன என்பதையோ வினவ முற்படவில்லை. ஆணின் உடல் வழக்குக்குரிய பொருளாக அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

இராமனின் அகத்தூய்மைக்குக் காப்பியம் தரும் சான்றுகள் வலியவை. இப்பிறவியில் வேறொரு பெண்ணை நினைவாலுந் தீண்டேன் என அவன் தனக்களித்த வாக்கைச் சீதை அசோகவனத்தில் அனுமனிடம் நினைவுகூர்கிறாள். பிறன்மனையை நோக்காமையே பெரிய ஆண்மை என்ற திருக்குறட் கருத்து இங்கு பாத்திரமாக உருப்பெற்றுள்ளது எனலாம். வான்மீகத்தில் இல்லாத, மணத்துக்கு முந்திய காதற் காட்சியை மிதிலையிற் படைத்த கம்பன், அக்காட்சியின் பின் இராமனை ஓரிரவு முழுதுஞ் சிந்திக்க வைக்கிறான். தன் மனம் நல்வழியன்றிப் பிறவழியிற் செல்லாது. ஆகையால் அது நாடிச் சென்றவள் கன்னியாகவே இருத்தல்வேண்டும் என்று அவன் துணிகிறான். மனத்தையே சான்றாகக் கொள்ளும் இத்துணிவு பெரிது. அதே வேளை, தன்னை ஐயுறவேண்டிய தேவையே நேராத ஒருவனின் துணிவு அது என்பதையும் மறத்தலாகாது. ஆணின் தூய்மை அவன் பிறரைப் பார்க்கும் பார்வையைப் பொறுத்ததென்றால், இராமன் அதிற் பழுதற்றவன். ஆனால் அவனைப் பார்ப்பவர்பால் அவன் எவ்வாறு ஒழுகுகிறான் என்பது வேறு வினா.

சூர்ப்பணகைப் படலம் அவ்வினாவை எழுப்புகிறது. வான்மீகி அவளையும் இராமனையும் எதிரெதிரே நிறுத்தி, அவன் எழிலுக்கு அவளது விகாரத்தை மாறாக அடுக்கிச் செல்கிறான். கம்பனோ அவளுக்கு மறைந்து நின்று இராமனைக் காணும் நெடிய பொழுதொன்றை வழங்குகிறான். மன்மதனோ, வானவர் தலைவனோ, மும்மூர்த்திகளுள் ஒருவனோ என ஒவ்வொருவராய் எண்ணிக் கழித்து அவள் தேறுகிறாள். அதன்மேலும் அவள் சிந்தனை செல்கிறது. இத்தகையோன் தவக்கோலம் பூணுதற்குத் தவம் எத்தகைய தவத்தைச் செய்ததோ என்று அவள் வியக்குமிடம் காப்பியத்தின் நுட்பமான இடங்களுள் ஒன்று. மிதிலை மகளிர் கண்டது தோளையுந் தாளையும். அரக்கியென இகழப்படும் இவளோ அழகையும் தவத்தையும் ஒரே மேனியிற் கண்டவள். கண்டதை உரியவாறு மதிக்க அவளால் இயலவில்லை என்பது உண்மையே. ஆயினும் கண்டாள் என்பதும் உண்மை.

இதன்பின் நிகழ்வது வாசகனைச் சங்கடப்படுத்தவேண்டும். அழகிய வடிவுகொண்டு வந்து தன் விருப்பைக் கூறும் அவளோடு இராமன் உரையாடலை வளர்க்கிறான். அந்தணர் மரபினளை அரச மரபினன் மணத்தல் எங்ஙனம் என்கிறான். உடன்பிறந்தார் தந்தால் ஏற்பேன் என்கிறான். அவள் உள்ளத்தை அறிந்துகொண்டே பேசும் பேச்சு இது. பின்னர் சீதையைப் பற்ற முயன்ற அவளை இலக்குவன் உறுப்பறுக்கிறான். அவள் செயல் தண்டனைக்குரியதாயினும், முன் நிகழ்ந்த நகைப்புரையாடல் தூய உள்ளத்துக்கு ஏற்றதா என்னும் வினா எஞ்சிநிற்கிறது. இதனைத் தலைவனின் விளையாட்டு எனக் கூறி அமைவோர் உளர். பார்த்தவள்மீதே குற்றம் முழுவதையுஞ் சுமத்திப் பார்க்கப்பட்டவனை விடுவிக்கும் அவ்வமைதி, உலாவின் மன்னனுக்கு உரியது. அறத்தின் நாயகனுக்குப் போதாது.

கம்பன் இதனை உணர்ந்திருந்தான் என்பதற்குக் கிட்கிந்தா காண்டம் சான்று பகர்கிறது. மறைந்துநின்று எய்த அம்பு மார்பிற் பாய்ந்து வீழ்ந்த வாலி, இராமனை நேர்நின்று குற்றஞ்சாட்டுகிறான். அரசர்க்குரிய அறம் உன் குலத்தில் வந்தோர் எல்லோர்க்கும் உடைமையன்றோ என வினவும் அவ்விடத்திலேயே, சித்திரத்தில் எழுதவியலாத உருவத்தை உடையவனே என அவனை விளிக்கிறான். காப்பியத்தில் இராமனழகைப் பாடும் விளிகள் பல. இஃதொன்றே அழகையும் அறத்தையும் ஒரே தொடரில் வைத்து, முன்னது இருக்கப் பின்னது எங்கே எனக் கேட்பது. சாகுந்தறுவாயில் இருப்பவன் புகழ்மொழி கூறுகிறான் என்று இதனைக் கொள்வதிலும், எழுதவொண்ணாத உருவம் இழிந்த செய்கையொன்றைச் செய்ததே என்னும் ஆற்றாமையின் வெளிப்பாடாகக் கொள்வதே பொருத்தமாகும். வாலியின் வினாக்களுக்குக் காப்பியம் கூறும் விடைகள் எத்துணை வலிமையுடையன என்பது பலராலும் வாதிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வாதம் இங்கு விரிக்கற்பாலதன்று.

இராவணனைப் பற்றி அதிகங் கூறவேண்டுவதில்லை. வான்மீகியின் அனுமன் அவனை அவையிற் கண்டபோது அவ்வுருவையும் ஆற்றலையும் வியந்து, அறமின்மை மட்டும் இல்லாதிருப்பின் இவன் தேவருலகுக்கும் தலைவனாவான் என எண்ணுகிறான். கம்பனில் வீழ்ந்துகிடக்கும் அவனுடல்மீது மண்டோதரி புலம்புகிறாள்: சானகிமேற் கொண்ட காதல் எவ்விடத்து ஒளிந்திருக்கிறதெனத் தேடியோ இவ்வம்பு உடல் முழுவதையுந் துளைத்தது? மனத்தின் மாசை மேனியில் தேடுவதன் பயனின்மையை இதைவிடக் கூர்மையாக எவருங் கூறியதில்லை. அழகு தூய்மைக்கு உறுதிமொழியன்று என்பது இராவணனால் நிறுவப்படுகிறது.

இதன் மறுதலையைக் குகன் நிறுவுகிறான். கரிய நிறமும் சிவந்த கண்ணும் மீன்நாற்றமும் தோலுடையுமாக அவனை அறிமுகஞ்செய்யும் கம்பன், நயப்படுத்த எதனையும் முயலவில்லை. ஆயினும் அவனை இராமனுக்கு அறிவிக்கும் இலக்குவன் கூறுவது, இவன் உள்ளத்தால் தூயவன், தாயினும் நல்லன் என்பதே. தேனும் மீனுங் கொணர்ந்து நிற்கும் வேடனுக்கு இச்சொல்லை வழங்கியது சோழர் காலத்துச் சமூக அடுக்குகளை மனங்கொண்டு நோக்குமிடத்துச் சிறிய செய்தியன்று. புறத்தின் தூய்மை நீரால் அமையும், அகத்தின் தூய்மை வாய்மையால் காணப்படும் என்று வள்ளுவர் பிரித்துரைத்ததனை, ஆசாரத்தையே தூய்மையெனக் கொண்டோர் நடுவே கம்பன் மீண்டும் நினைவூட்டுகிறான். மேலும், தூயவன் எனப் பெயர்பெற்ற இவனுடைய கண்களைக் கொண்டே காப்பியத்தின் மிகத் தூய ஆணழகை அவன் நமக்குக் காட்டவுள்ளான்.

கங்கை காண் படலத்தில் பரதன் படைசூழ வருகிறான். இராமனைத் தொலைக்கவே வருகிறான் எனச் சினந்த குகன் வில்லேந்தித் தன் மக்களைப் போருக்கு எழுப்பிவிட்டான். கரையின் மறுபுறத்தே பரதனைக் காணும் கணத்தில் அவ்வில் கையினின்றும் நழுவுகிறது. அவன் கண்டவற்றைக் கம்பன் அடுக்கும் முறை நோக்கற்பாலது. முதலில் மரவுரியாகிய உடை. அடுத்துப் புழுதி படிந்த மேனி. அடுத்துக் கலை இழந்த மதியென ஒளியற்ற, நகையற்ற முகம். முடிவிற் கல்லும் கரையத்தக்க துயரம். பார்வை புறத்திலிருந்து அகத்துக்கு ஒரு படியேனுந் தவறாது செல்கிறது. மிதிலை வீதியில் உறுப்பளவில் நின்றுபோன பார்வை இங்கு நிற்கவில்லை. உலாவில் முற்றக் காணப்படாத ஆண்வடிவு கங்கைக் கரையில் முற்றக் காணப்படுகிறது. காண்பவன் வேட்கையாலன்றிப் பகையாற் பார்க்கத் தொடங்கியவன் என்பதும், அவனும் ஓர் ஆண் என்பதும் இக்காட்சியின் வலிமையை மிகுவிக்கின்றன.

கண்டதும் குகன் கூறுவனவற்றுள் முதலாவது, இவன் என் தலைவனை ஒத்திருக்கிறான் என்பது. நம்பி என்னுஞ் சொல்லாற் பரதனைச் சுட்டுகிறான். ஆடவருட் சிறந்தோனைக் குறிக்குஞ் சொல் அது. ஆகவே பரதன் அழகனல்லன், துயரத்தால் மட்டுமே உயர்ந்தவன் என்று கொள்ளுதல் தவறு. இராமனுக்குரிய அதே எழில் இவனிடமும் உண்டு. வேறுபாடு, அவ்வெழிலை இவன் வைத்திருக்கும் முறையில் உள்ளது. மாசும் மரவுரியும் அழுகையும் அதன்மேற் படிந்துள்ளன; அவற்றினூடே அது தெரிகிறது. பின்னர் பரதன் வந்த நோக்கைக் கேட்டறிந்து, ஆயிரம் இராமரைச் சேர்த்தாலும் உனக்கு ஒப்பாவரோ என்று குகன் கூறுவது, உருவைக் கண்டவன் இயல்பையுங் கண்டபின் கூறுஞ் சொல். தலைவன்பால் உயிரையே வைத்தவன் வாயிலிருந்து இச்சொல் வருவதனால் இதனை வெற்றுப் புகழுரை என ஒதுக்கவியலாது.

துறவியின் மெலிந்த மேனியைப் போற்றும் பழைய வழக்கினையே கம்பன் பின்பற்றினான் என்று இதற்கு எதிர்வாதங் கூறலாம். ஆனால் துறவி தானே விரும்பி உலகை விட்டவன். பரதன் விட்டது தான் வேண்டாத ஓர் அரசை. சுமப்பது தான் செய்யாத ஒரு பழியை. கோசலை அவனை ஐயுறுகிறாள். அவளெதிரே கொடிய சூளுரைகளை அடுக்கித் தன்னைத் தெளிவிக்கிறான். குகன் ஐயுறுகிறான். சித்திரகூடத்தில் இலக்குவன் ஐயுற்றுப் போருக்கு எழுகிறான். இராமனின் தூய்மைக்கு அவன் மனமே சான்றாக, பரதனின் தூய்மையோ ஒவ்வொரு வாயிலிலும் சான்று கேட்கப்படுகிறது. தூய்மையை எண்பித்தல் இக்காப்பியத்தில் சீதைக்கு விதிக்கப்பட்ட பணி. ஆடவருள் அப்பணியைச் சுமந்தவன் பரதன். யுத்த காண்டத்தின் இறுதியிற் சீதை எரிபுகுந்தபின், குறித்த நாளில் இராமன் திரும்பாமையாற் பரதனும் எரிமூட்டி உயிர்விடத் துணிவதும், அனுமன் வந்து தடுப்பதும் தற்செயலான ஒற்றுமையாகத் தோன்றவில்லை.

சித்திரகூடத்துக் காட்சி வாலியின் விளியோடு இணைத்துப் படிக்கற்பாலது. சினந்து நிற்கும் தம்பிக்கு, கைகளைத் தலைமேற் குவித்து, மேனி துவண்டு, கண்ணீரில் மூழ்கி வரும் பரதனை இராமன் காண்கிறான். துயரம் என்பது இது என எழுதிவைத்த ஓவியம்போல அவன் வருவதாகப் புலவன் கூறுகிறான். இராமன் ஓவியத்தில் எழுதவொண்ணாத உருவினன். பரதன் ஓவியமாகவே எழுதப்பட்டவன். முன்னதில் உருவம் உள்ளத்தை மீறி நிற்க, பின்னதில் உள்ளமே உருவமாகி நிற்கிறது. இலக்குவனின் சினத்தைத் தணிக்க அறவுரையினும் இவ்வுருவமே பெரிதும் பயன்பட்டது.

எனினும் கம்பனின் இவ்விடையும் முற்றும் நிறைவானது எனக் கூறுதற்கில்லை. பாதுகையை முடிமேற் கொண்ட பரதன் அயோத்திக்குள் புகாது நந்தியம்பதியிற் புலனடக்கி, இரவும் பகலுங் கண்ணீர் வற்றாது பதினான்கு ஆண்டுகள் இருந்தான் எனச் சில அடிகளிற் கூறிவிட்டுப் புலவன் கானகம் திரும்புகிறான். அவனுக்கு மாண்டவி என்றொரு மனைவி உண்டு. பாலகாண்டத்து மணவினையின் பின் அவள் காப்பியத்தில் வாய்திறக்கும் பாத்திரமாக இல்லை. கணவன் அரசைத் துறந்தபோது அவளிடம் எவருங் கருத்துக் கேட்கவில்லை. அவன் புலனடக்கியபோது அவளுடைய ஆண்டுகளும் அதில் அடங்கின. குகன் அவன் முகத்தைப் பார்த்தான், இலக்குவன் பார்த்தான், இராமன் பார்த்தான், கோசலை பார்த்தாள். நந்தியம்பதியில் அழுதுகொண்டிருந்த அக்கண்களை மாண்டவி ஒருமுறையேனும் கண்டாளா என்பதற்குப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் விடையில்லை.